சுற்றிவரும் கோப்பை

ஊழியத்துக்கென்று கடல் தாண்டி வந்த ஊரில், ஆமென் சொன்ன வாய் காயுமுன்னே ஒரே கோப்பைப் பால் வட்டமாகச் சுற்றி வருகிறது. வீட்டுப் பெரியவர் மீசை நனைய உறிஞ்சுகிறார். மீசையில் சொட்டுவது கோப்பைக்குள்ளேயே விழுகிறது. சளி ஒழுகும் பேத்தி விளிம்பை நக்கிவிட்டுத் தாயிடம் நீட்டுகிறாள். அவளும் ஆசையாய்க் குடிக்கிறாள். ஜன்னல் வெயிலில் விளிம்பு முழுக்க எச்சில் மினுங்குகிறது, பாலில் ரொட்டித் துணுக்கு மிதக்கிறது. என்ன ஜென்மங்களோ! "என்னால முடியாதுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுக்கிறேன். "சும்மா இரு. அண்ணாந்து குடிச்சா ஆச்சு" என்கிறார், நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று சற்றுமுன் பிரசங்கம் பண்ணிய என் வீட்டுக்காரர். கோப்பையை வாங்கி, ஒரு சாண் உயரத்தில் பிடித்து, தொண்டைக்குழி ஏறி இறங்க, கடகடவென்று வாய்க்குள் ஊற்றிக்கொள்கிறார். யார் முகத்திலும் ஈயாடவில்லை. பெரியவர் பேத்தியை இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். அந்தத் தாய் மூக்கைச் சுளித்தபடி, கோப்பையை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போகிறாள். இத்தனை பேர் வாய் வைத்தும் கழுவாத கோப்பையை, வாயே படாத இவருக்காக சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்க்கிறாள்.