அமரர் ராஜ்கமல் கூடைக்கடை

மாலை போட்ட ராஜ்கமலின் படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்து ஒயர் கூடை பின்னிக்கொண்டிருந்தாள் அன்புசெல்வி. நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்து வெறுமையாக இருந்தது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி, "அவர் போனதுக்கு அப்புறம் இந்தக் கூடைங்கதாங்க எனக்குத் துணை" என்றாள்.

"கட்! கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல" என்று செல்போனைத் தாழ்த்தினான் ராஜ்கமல். "இன்னொரு தடவ. 'அவர்'னு சொல்றப்ப தொண்ட அடைக்கணும்."

"நீங்க எதிர்ல லுங்கியோட நின்னுகினு இருந்தா எப்படிங்க அழுவ வரும்? வந்தாலும் அது வேற அழுவ."

உழவர்கரையில் அந்த வாடகை வீடு ஓடிக்கொண்டிருந்ததே அவள் விரல்களால்தான். ராஜ்கமல் பார்த்த வேலைகள் எதிலும் முதலாளிகள் அவனுக்குத் தக்க மரியாதை கொடுக்கவில்லை. அதனால் வீட்டோடு இருந்து மனைவியின் கூடைகளுக்கு ஆன்லைன் மார்க்கெட்டிங் பார்க்க ஆரம்பித்தான்.

முதலில் கூடையை மட்டும் படம் எடுத்துப் போட்டார்கள். அவளுடைய அக்கா லைக் போட்டாள். வேறு யாரும் சீண்டவில்லை.

"கூடைய எவனும் வாங்க மாட்டான். கதையத்தான் வாங்குவான்" என்றான் ராஜ்கமல்.

"இன்னா கதை?"

"நான் செத்துட்டேன்."

வாயைக் கழுவச் சொன்னாள், கத்தினாள், சோறு போட மாட்டேன் என்றாள். அவன் அசையவில்லை. "உயிரோட இருந்து நான் இன்னாத்த சம்பாரிச்சேன், சொல்லு" என்று அவன் கேட்டதும், எழுந்துபோய்ச் சோற்றைப் போட்டாள்.

முதல் வீடியோவுக்காகத் தாலியைக் கழற்றியவள், அதைச் சாமி படத்துக்கு அடியில் வைத்துக் கும்பிட்டாள். "சீக்கிரம்மா, வெளிச்சம் போவுது" என்றான் அவன்.

கதை விற்றது. சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று ஆர்டர்கள் குவிந்தன. வீடியோவுக்குக் கீழே போடும் வரிகளை அவள் பெயரில் ராஜ்கமலே எழுதினான். 'என் கணவர் ஒரு மகான். ஒருநாள்கூட என்னிடம் முகம் சுளித்ததில்லை' என்று ஒருமுறை எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "யாருங்க இவரு?" என்று கேட்டாள் அன்புசெல்வி.

ஆறுதல் சொல்லி வரும் மெசேஜ்களுக்குப் பதில் போடுவது அவள் வேலை. "அத நீயே பார்த்துக்க, எனக்குத் தூக்கம் வருது" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டான்.

இப்போது இரண்டாவது டேக்குக்கு அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த நேரம், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், கையில் அவள் பின்னிய 'சிவன் கண்' பின்னல் ஒயர் கூடையுடன் படி ஏறினார். கூடை நிறைய ஆப்பிள்.

"என் பேரு சந்திரமோகன். கருவடிக்குப்பத்துலேருந்து வர்றேன். எங்க வீடு பூரா உங்க கூடைதான்" என்றவர், படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு ராஜ்கமலைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். "நீங்க..?"

"அண்ணன்!" என்றான் ராஜ்கமல், லுங்கியை இறக்கிவிட்டபடி. "அன்புசெல்வியோட கூடப்பொறந்த அண்ணன்."

"படத்துல இருக்கறவர் ஜாடை அப்படியே இருக்கே?"

"சொந்தத்துலதான் சார் கட்டிக் குடுத்தோம்."

பார்சலில் விலாசம் பார்த்து வந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்த ராஜ்கமல், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று முடிவு செய்தான். மூலையில் அடுக்கியிருந்த கூடைகளை அவர் கண்ணில் படும்படி நகர்த்தி வைத்துவிட்டு, இறந்தவரின் பெருமைகளை அடுக்கினான்.

"மச்சான் மாதிரி ஒரு மனுசன் இனிமே பொறக்கணும் சார். சின்ன வயசு. சாவுற வயசா அது?" சொல்லும்போதே அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அன்புசெல்விக்கு ஒருநாளும் இவ்வளவு தத்ரூபமாக வந்ததில்லை.

அவள் உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். அவர் எதுவும் சொல்லாமலே, "உங்களுக்குச் சர்க்கரை போடல" என்று டம்ளரை நீட்டினாள். சந்திரமோகன் சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "வீட்டுல பெரியவங்கன்னு யாராவது இருப்பாங்களான்னு யோசிச்சிகினே வந்தேன். நல்லவேளை, நீங்க இருக்கீங்க."

"இருக்கேன், சொல்லுங்க சார். எத்தன கூடை வேணும்?"

"கூடை இல்லீங்க." அவர் ஆப்பிள் கூடையை முன்னால் நகர்த்தி வைத்தார். "என் சம்சாரம் தவறிப்போய் மூணு வருசமாச்சு. ஒரே பொண்ணு, காலேஜ் படிக்குது. அதுதான் 'போய்க் கேளுங்கப்பா'ன்னு அனுப்பிச்சி வச்சுது. உங்க தங்கச்சிய எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா?"

ராஜ்கமல் லுங்கியை மடித்துக் கட்டினான். 'நான்தான்டா புருசன்' என்று கத்தலாம். கத்தினால், இத்தனை மாதமாக அழுத ஊர் அத்தனையும் சேர்ந்து அவனை நிஜமாகவே படமாக்கிவிடும்.

ஆப்பிள் கூடையைத் தூக்கி வீசி இந்த ஆளை இவளே விரட்டிவிடுவாள் என்ற நம்பிக்கையில் மனைவியின் பக்கம் திரும்பினான்.

அன்புசெல்வி தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அவனை நேராகப் பார்த்தாள். அப்புறம் சந்திரமோகன் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"எங்க அண்ணன் சரின்னா, எனக்கும் சரிங்க."