மறுமுனை அழுகை

பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள். கால் சென்டர் மேசைக்கடியில் கால் சும்மா இருக்காமல் ஆடுகிறது. ஹெட்செட்டில் ஒருவர், இன்டர்நெட் வரவில்லையென்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு பச்சைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. அவ்வளவுதான், மார்பு கல்லாய் இறுகி, சுரீரென்று பால் சுரக்கிறது. யார் பெற்ற குழந்தை என்றெல்லாம் உடம்பு விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. நனைந்த சட்டையைத் துப்பட்டாவால் மூடி, மியூட் பொத்தானை அழுத்திவிட்ட நினைப்பில், "அழாதடா கண்ணு, அம்மா இதோ வந்துட்டேன்" என்கிறாள். மறுமுனையில் கத்தல் சட்டென்று நிற்கிறது. "மேடம்... என்னையா சொன்னீங்க?" அவளுக்குக் காது மடல் சுடுகிறது. "இல்ல சார். மொதல்ல கொழந்தையத் தூக்குங்க." தூக்கியிருப்பார் போல, அழுகை விம்மலாகி அடங்குகிறது. பால் மட்டும் நிற்கவில்லை.