எட்டாவது கேடயம்

சீமாட்டி டோரொத்தேயாவின் வரவேற்பறை மேசையில் தோல்தாள் விரிந்து கிடக்கிறது. மகள் ஹென்ரியெட் பிரபுகுலக் கன்னியர் மடத்தில் சேர வேண்டுமானால், அவளுடைய கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டிகள் எட்டுப் பேரும் பிரபுகுலத்தவர் என்று குலச்சின்னங்களால் காட்டியாக வேண்டும். ஓவியனான நான், ஆளுக்கொன்றாக, ஏழு பேரின் சின்னக் கேடயங்களை வரைந்து முடித்துவிட்டேன். எட்டாவது வெறுமையாக இருக்கிறது. வெளியே பனியில் பட்டுத் தெறிக்கும் காலை வெளிச்சம் அதன்மேல்தான் விழுகிறது. "இதுல என்ன வரையட்டும் சீமாட்டி?" என்கிறேன். விசிறி படக்கென்று மடங்குகிறது. "ஏதாவது அன்னம் கின்னம் போடுங்களேன். யாரு வந்து கேக்கப்போறா?" "ஏம்மா, பீப்பாய் போடச் சொல்லலாமே?" என்று சிரிக்கிறாள் ஹென்ரியெட். "உங்க பாட்டி பீர் காய்ச்சுறவரு மகதானே? இந்தச் செம்பட்டை முடியே அவங்க குடுத்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க!" சீமாட்டியின் முகம் கழுத்துவரை சிவக்கிறது. என்னைப் பார்க்காமலே எழுந்து, தலைக்குப் பூசும் வெள்ளை மாவை எடுத்து, மகளின் கூந்தலில் பஞ்சால் ஒற்றுகிறாள். ஒரு சிவப்பு இழைகூடத் தெரியாமல் போகும்வரை ஒற்றுகிறாள். பெண்ணின் சிரிப்பு நின்றுவிடுகிறது. இறுக மூடிய இமைகளின் மேலும் மாவு படிகிறது. "ஆடாதடி," என்கிறாள் தாய், குரல் உடைகிறது. நான் தலையைக் குனிந்துகொண்டு வெள்ளை வண்ணத்தைக் குழைக்கிறேன். அன்னத்தின் கழுத்து நன்றாகவே வருகிறது.