துடைத்ததில் போன ஃபைல்

“அப்பா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

மகளின் குரல் கேட்டதும் அவர் கையிலிருந்த மஞ்சள் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மறைத்து என்ன பயன்? அந்தத் துணி இல்லாமல் அவரைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. ஜன்னல் கம்பி, ஃபேன், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்துவிடுவார். பேசிக்கொண்டே எதிரில் இருந்தவரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்ட கதையும் உண்டு. தெரு அவருக்கு வைத்த பெயர் ‘தூசியார்’.

“ஒண்ணும் பண்ணலியேம்மா. கீபோர்டெல்லாம் ஒரே தூசின்னு நீதானே காலையில சொன்னே? இப்பதான் லேசா துடைச்சு விட்டேன்.”

“கம்ப்யூட்டர் ஓடிட்டிருக்கும்போதா? என் புராஜெக்ட் ஃபைலையே காணோம்ப்பா. ஒரே இழுப்புல ஷிஃப்ட், டெலீட், என்டர் எல்லாத்தையும் அமுக்கியிருக்கீங்க.”

‘கணினி தகவலை எப்படிச் சேமிக்கிறது’ என்பதுதான் புராஜெக்ட். இன்று மாலைக்குள் கொடுக்காவிட்டால் பாஸ் கிடையாது, ஒரு வருஷம் வீண். தூசியாருக்கு வியர்த்துக் கொட்டியது. பெற்ற பெண்ணின் படிப்பையே துடைத்து எடுத்துவிட்டோமே.

ஆனால் பெண் தங்கமானவள். மூக்கை இரண்டு தடவை உறிஞ்சிவிட்டு, “சரி, போனது போகட்டும்ப்பா. மேடத்துக்கு ஒரு போன் போட்டு, நான்தான் அழிச்சேன்னு மட்டும் சொல்லிடுங்க. இன்னும் கொஞ்ச நாள் கொடுப்பாங்க. மறுபடி எழுதிக்கிறேன்” என்றாள்.

வேறு வீடாக இருந்தால் கூரை பிய்ந்திருக்கும். இந்தப் பொறுமை தூசியாரை உருக்கிவிட்டது. “அதெல்லாம் முடியாது. நான் கெடுத்ததை நானே சரி பண்றேன்” என்று கிளம்பிப் போய், மூலைக்கடை கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கையோடு இழுத்துவந்தார்.

“பதறாதீங்க சார், ஃபைல் எங்கயும் போயிருக்காது” என்றார் மெக்கானிக். “டெலீட் பண்ணினா கம்ப்யூட்டர் அது இருக்கிற இடத்தோட விலாசத்தைத்தான் மறக்கும். பேர்ப்பலகையைக் கழட்டிட்டா வீடு இடிஞ்சா போயிடும்? வேற ஆள் குடிவர்ற வரைக்கும் பழைய சாமானெல்லாம் உள்ளயேதான் கிடக்கும்.”

“அப்ப யாரையும் குடிவர விடாதப்பா.”

“அதான், இதுல புதுசா எதையும் சேமிக்காதீங்க. தேடி எடுத்துப் பென் டிரைவ்ல போட்டுத் தரேன்.”

“உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்?” என்றாள் மகள். “கடையில ஆளுங்க காத்துட்டிருப்பாங்க.”

“காத்திருக்கட்டும் பாப்பா.”

“ரொம்பப் பழைய மெஷின்ணே இது. கிடைக்காது.”

“பழைய மெஷின்லதான் நல்லா கிடைக்கும்.”

அவள் முகம் சுருங்கிப்போனது. பாவம், குழந்தை நம்பிக்கையே இழந்துவிட்டது என்று தூசியார் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். வெறுங்கையால்தான்.

திரையில் பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து முடிவுக்கு வந்தது. மெக்கானிக் ஃபைலைத் திறந்தார். முதல் பக்கத்தில், பூ வேலைப்பாட்டுக்கு நடுவே மகளின் பெயர் பெரிய எழுத்தில் மின்னியது.

“அடுத்த பக்கமும் பாத்துடலாமா சார்?”

“எதுக்குப்பா, எனக்கென்ன புரியவா போகுது?” தூசியார் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“அதான் கிடைச்சிடுச்சேப்பா, இனிமே போன் எதுக்கு?” என்று மகள் குறுக்கே வந்து நின்றாள்.

“தப்புப் பண்ணினவன் வாயைத் திறந்து சொல்லணும்மா” என்று அவளை நகர்த்திவிட்டு, ஸ்பீக்கரிலேயே போட்டார். “மேடம், நான் அவ அப்பா பேசறேன். கீபோர்டைத் துடைக்கப்போய் அவ புராஜெக்டை நான்தான் அழிச்சிட்டேன். நல்ல வேளை, அப்படியே மீட்டாச்சு. இதோ கொண்டுவந்து தரேன்.”

“ரொம்ப சந்தோஷம் சார்” என்றது மறுமுனை. “அப்பா துடைச்சதுல ஃபைல் அழிஞ்சிடுச்சுன்னு போன வாரம் உங்க பொண்ணு வந்து அழுதப்போ, நான்தான் நம்பாம, உங்க அப்பாவையே பேசச் சொல்லுன்னு அனுப்பி வச்சேன்.”