காதுக்கருவியில் பாலின்ட்

புடாபெஸ்டில் கப்பலேற வரும் பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுவது எடெல்காவின் பிழைப்பு. அவள் மைக்கில் பேசுவது அவர்கள் காதுக்கருவிகளில் கேட்கும். பாலத்துக் கல் சிங்கங்களருகே அவள் தண்ணீர் குடிக்கப் பேச்சை நிறுத்தியபோது எல்லோரும் சிரித்தார்கள்.

“நாக்கில்லாத சிங்கம் பேரம் பேச முடியாம வெயில்லயே நிக்குதாம்! உங்ககூடப் பேசுறவர் பொல்லாத ஆளும்மா!” என்றாள் ஒரு கிழவி.

அது பாலின்டின் நகைச்சுவை. அவளைப் போலவே வழிகாட்டியாக இருந்த கணவன். போன இலையுதிர்காலத்தில் அவனை டான்யூப் ஆறு கொண்டுபோனது, உடல்கூடக் கிடைக்கவில்லை.

எடெல்கா கிழவியின் கருவியை வாங்கிக் காதில் வைத்தாள். தன் மூச்சு மட்டுமே கேட்டது.

“இன்னும் பேசுறாரா?”

“நிறுத்தவே மாட்டேங்கிறாரே!” என்றார்கள் மற்றவர்கள்.

கருவிகள் கப்பலுக்குச் சொந்தம். கிழவியும் தன்னுடையதைத் திரும்ப வாங்கிக்கொள்ள, எல்லோரும் மாட்டியபடியே ஏறினார்கள். கப்பல் கரையை விட்டு விலகியது. மேல்தளத்தில் சட்டெனச் சிரிப்பு அடங்கியது. எல்லோரும் கரையில் நின்ற அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன சொன்னார்?” என்று கத்தினாள்.

கிழவி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.