டீச்சர் இறங்கிய குளம்

நீச்சல் குளத்தில் மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் குளோரின் அதிகமாகிவிட்டது என்று படித்தவர், படிக்காதவர் அனைவரும் நம்புகிறார்கள். மனித குலத்தின் மகத்தான பிழைகளுள் இது ஒன்று. உடனடியாகத் திருத்தப்பட வேண்டியது.

வாடை வந்தால் குளோரின் போதவில்லை என்று பொருள். தண்ணீரில் கலந்த வேர்வையோடும் சிறுநீரோடும் மல்லுக்கட்டிக் குளோரின் களைத்துப்போகும்போது கிளம்புவதே அந்த வாடை. கண் எரிவதும் அதனால்தான்.

முடிச்சூர் குப்புராஜுக்கு இது தெரியாது. நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் கட்டியவர். கண் எரிந்ததும் குளோரினைக் குறைத்தார். எரிச்சல் கூடியது. மேலும் குறைத்தார். காலைக் குளியல் முடித்துச் சிவந்த கண்களோடு வாசலுக்கு வந்தவரிடம், "யாராவது தவறிட்டாங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தார்.

குளத்தைப் பராமரிக்கும் அன்புவை வரவழைத்தார். அவன் சின்னக் கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறத்தைப் பார்த்தான்.

"குளோரின் கீது சார். ஆனா வேலை செய்யாம கீது. யாரோ தண்ணியிலயே ஒண்ணுக்குப் போறாங்க."

குப்புராஜின் மனைவி கங்கையம்மாள் மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

மாடியில் குடியிருப்பவர்கள் ஜெபகுமாரும் அவர் மனைவி ஷீலாவும். ஷீலா தனியார் பள்ளி ஆசிரியை. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, தண்ணீரில் நடந்து பழகச் சொல்லியிருந்தார் டாக்டர். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஊன்றுகோல் இல்லாமல் வகுப்பில் நின்றால்தான் வேலை.

குளத்தில் இறங்கச் சொல்லிக் கூப்பிட்டதே கங்கையம்மாள்தான்.

"இன்னா டீச்சர், இதெல்லாம் கேட்டுக்கினு? தாராளமா எறங்கு. நாங்க சாதி, மதம்லாம் பாக்கறவங்க இல்ல." தெருவில் நாலு பேர் நிற்கும்போதுதான் சொன்னார்.

ஷீலா தினமும் மாலையில் குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்தபடி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கம்பியை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கிய சமயத்தில்தான் அன்பு வந்து தண்ணீரைச் சோதித்தான்.

அன்று மாலையே பேச்சு வந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காத டீச்சர். ஆபரேஷன் பண்ண உடம்பு. அடக்க முடியாது. எனக்குத் தெரியாதா?"

"அக்கா, ஆபரேஷன் பண்ணது முட்டியில."

"எங்க பண்ணா இன்னா? நரம்பெல்லாம் ஒண்ணுதானே?"

ஜெபகுமாரின் முகம் மாறியது. "நீங்க கண்ணால பாத்தீங்களாம்மா?"

"நான் எதுக்குப் பாக்கணும் தம்பி? அதான் தண்ணியே சொல்லுதே!"

குப்புராஜ் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "கொஞ்ச நாள் நிறுத்திப் பாப்போம் டீச்சர். வேற ஒண்ணும் இல்ல."

விஞ்ஞான முறைப்படி குறை சொல்ல முடியாத யோசனை. ஷீலா நிறுத்தினார். அன்பு ஒரேயடியாக நிறையக் குளோரின் போட்டுத் தண்ணீரைத் தெளிய வைத்தான். வாடை போயிற்று. ஒரு வாரமாகியும் திரும்பவில்லை. சோதனையின் முடிவில் சந்தேகத்துக்கே இடமில்லை.

மாடி ஹாலில் ஷீலா சுவரைப் பிடித்து நடந்து பார்த்தார். வலித்தது. மூலையில் வைத்திருந்த ஊன்றுகோலை மறுபடி எடுத்தார்.

"அஸ்தினாபுரத்துல ஒரு வீடு இருக்காம். போயிடலாம்" என்றார் ஜெபகுமார்.

"இப்ப காலி பண்ணா, ஆமா நான்தான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?"

"இங்கயே இருந்தா மட்டும்?"

வீட்டைக் காலி செய்வதாகச் சொல்ல ஜெபகுமார் கீழே இறங்கி வந்தார். குளக்கரையில் குப்புராஜும் கங்கையம்மாளும் நிற்க, அன்பு மறுபடி தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தான்.

"கண்ணாடி மாதிரி கீதும்மா. அடிச்சுக்க முடியாது."

"பின்ன? நான் சொன்னா யார் கேட்டாங்க?" மாடிக்கும் எட்டட்டும் என்று கங்கையம்மாள் குரலை உயர்த்தினார். "நானும் சும்மாவா இருந்தேன்? டீச்சர் ஏறிப் போனதும் டெய்லி அரை பக்கெட் கோமியம் போட்டேன். நம்ம வூட்டு மாட்டுது. அதுக்கே நாத்தம் அடங்கலன்னா பாத்துக்கோ!"

அன்பு கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தான்.

"தெளிச்சீங்களாம்மா, ஊத்துனீங்களா?"

"தெளிக்கறதுக்கு இது இன்னா வாசலா? இம்மாந் தண்ணி. பக்கெட்டோட கவுத்துட்டேன்."

"இந்த வாரமும் ஊத்துனீங்களா?"

"இந்த வாரம் எதுக்கு? அதான் டீச்சர் எறங்கலியே."

குப்புராஜ் மெல்லக் கேட்டார்: "அதை எதுக்குடி ஊத்துன?"

"எதுக்குன்னா? காலையில நீங்க குளிக்க வேணாமா?"

ஜெபகுமார் சொல்ல வந்ததைச் சொல்லாமல் மாடிப்படி ஏறினார்.

மறுநாள் மாலை குப்புராஜே மாடிக்குப் போய் டீச்சரைக் குளத்துக்கு அழைத்து வந்தார். மாட்டை ராஜகீழ்ப்பாக்கத்தில் மச்சான் வீட்டில் கட்டியிருக்கிறார்கள்.