கவருக்குள் தண்ணீர்

ஜீப் இருமியது. கிளம்பவில்லை.

மறுபடி சாவியைத் திருகினாள். அதே இருமல்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்று சாயங்காலம்தான் ஹீட்டரைச் சரிசெய்தாள். வாரம் இருமுறை அப்பாவை டயாலிசிஸுக்குக் கோத்தகிரியிலிருந்து மலை இறக்கிக் கூட்டிப்போகிறாள். வழியெல்லாம் மனிதர் நடுங்குகிறார். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

ஹீட்டர் குழாயைக் கழற்றினால் தண்ணீர் கொட்டும். கீழே இருக்கிற ஒயர் கனெக்டர்களில் பட்டால் போச்சு. அதனால் ஒவ்வொன்றுக்கும் பால் கவரை மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினாள். என்ஜின் ஓரத்துக் கனெக்டர் நனைந்தால் வண்டி படுத்துவிடும் என்று, டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவிடமும் சொன்னாள்.

வேலை முடிந்து ஓட்டிப் பார்த்தபோது சூடான காற்று ஜம்மென்று வந்தது. பனிக்கு இருக்கட்டும் என்று கவர்களை அப்படியே விட்டுவிட்டாள்.

இன்று போயே ஆக வேண்டும். போன மாதம் ஒருநாள் தள்ளிப்போனதற்கே அப்பாவுக்கு மூச்சு முட்டிவிட்டது. அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பானெட்டைத் தூக்கினாள்.

முதல் கவர் காய்ந்திருந்தது. அடுத்ததும். என்ஜின் ஓரத்துக் கவர் மட்டும் கனத்துத் தொங்கியது. உள்ளே தண்ணீர். கனெக்டர் முழுகிக் கிடந்தது.

தன் வேலையையே சந்தேகப்பட்டாள். குழாயைத் தடவினாள். ஈரமில்லை. கூலன்ட் கலந்த ஹீட்டர் தண்ணீர் என்றால் பச்சையாக இருக்கும். இதில் பச்சை இல்லை. ராத்திரி மழையும் இல்லை, பனியும் இல்லை. வாய் இறுகிய கவருக்குள் தண்ணீர் எப்படி வரும்?

கவரை அவிழ்த்து மூக்கருகே கொண்டுபோனாள்.

சீரகம்.

அந்த வீட்டில் சீரகத் தண்ணீர் ஒருவருக்குத்தான். டாக்டர் அளந்து கொடுக்கச் சொன்னது. இன்னும் ஒரு மடக்கு கேட்டுத் தினமும் சண்டை பிடிப்பார்.

அந்தத் தண்ணீரையா ஊற்றினார்?

முன்சீட்டில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

"ஏஞ்சாமி, இன்னிக்கு வண்டி வராதா?"

மழைக்கு லீவு உண்டா என்று கேட்கிற பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல்.

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எதை அடக்குவது என்று தெரியவில்லை.

கனெக்டரைக் கழற்றி உதறினாள். துணியால் துடைத்தாள். ஊதினாள். நன்றாகக் காய்ந்துவிட்டது. திரும்ப மாட்டுவது ஒரு நிமிஷ வேலை.

மாட்டவில்லை.

"ஒரு அரைமணி ஆகும்ப்பா, அப்புறம் போலாம்," என்றாள்.

அப்பா சீட்டில் நகர்ந்து அவள் உட்கார இடம் விட்டார்.